பிரஷ்ஷால் எழுதியது போன்ற ஜாலியான ஃபான்ட்டை எங்கே பயன்படுத்தலாம்?

நாலைந்து சொல்லில் முடிகிற எதற்கும் தாராளமாகப் போடலாம். ஐஸ்கிரீம் கடைப் பெயர், சிறுவர் புத்தக அட்டை, டி-ஷர்ட், யூடியூப் தம்ப்நெயில். பத்தியாகப் படிக்க வேண்டிய இடத்தில் மட்டும் வேண்டாம், கண் வலிக்கும்.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது மிஸ்ட்ரல். பிரான்ஸின் மார்சேயில் இருந்த ஃபோன்டெரி ஒலிவ் என்ற அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ரோஜர் எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தை வைத்தே செய்தது, 1953இல் வந்தது. அப்போது எல்லாம் ஈய எழுத்து. தனித்தனித் துண்டுகளாக வார்த்த எழுத்துகளை எந்த வரிசையில் கோத்தாலும் ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் போய்ச் சேர வேண்டும். சேர்கிறது! ஓரங்களையும் வழவழவென்று விடாமல், தாளில் மை இழுபட்டதுபோல் பிசிறோடு விட்டிருக்கிறார்.

இதை வைத்து டிசைன் செய்பவர்கள் கெடுப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிவிடுவார்கள். வால் அறுந்து எழுத்துகள் தனித்தனியாகத் தொங்கும். முழுக்க கேப்பிடலில் அடித்தாலும் இதே கதிதான்.

அதே எக்ஸ்கோஃபோன் 1955இல் செய்த ஷோக் இன்னும் தடித்த பிரஷ். நியூயார்க் கடைப் பலகைகளில் இன்றும் பார்க்கலாம். எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் குறைவு என்பதால் சிறிதாகப் போட்டால் மை அப்பியதுபோல் ஆகிவிடும். பெரிய போர்டு என்றால் ஜம்மென்று நிற்கும்.

சரி, தமிழுக்கு? சாய்வான கையெழுத்துப் பாணி வேண்டுமென்றால் தாரிக் அசீஸ் வடிவமைத்த கவிவாணர் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரஷ் பாணியில் எதை எடுத்தாலும் முதலில் ‘பப்பாளி’ என்று அடித்துப் பாருங்கள். மூன்று பகரமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் கையால் எழுதிய உணர்வு அங்கேயே போய்விடும். ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வைத்து மாற்றிப் போடும் வசதி ஓப்பன்டைப் என்ற ஃபான்ட் கோப்பு வகையில் உண்டு, எல்லா ஃபான்ட்டிலும் செய்திருக்க மாட்டார்கள்.

அப்புறம், ஒரே ஒரு கடைப் பெயருக்குத்தான் என்றால் ஃபான்ட்டே தேட வேண்டாம் என்பேன். போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவரிடம் காசு கொடுத்து வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி, ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கெடாத வெக்டர் படமாக மாற்றிக்கொள்ளுங்கள்.