கொசுவம் விழாத மூளையா?
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மருமகளுக்கு 21வது வாரத்தில் குழந்தையின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படத்தில் மூளை வழவழவென்று இருக்கிறது, மடிப்பையே காணோம். ரிப்போர்ட்டில் 'வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி' என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, குடியாத்தம்

தாராளமாக நம்பலாம். 21வது வாரத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த வயதில் நிறைய மடிப்பு தெரிந்தால்தான் டாக்டர் யோசிப்பார். பக்கவாட்டில் சில்வியன் பள்ளம் லேசான குழிவாகத் தெரியும், பின்பக்கம் ஓரிரு கோடுகள் இருக்கும், அவ்வளவுதான். 24வது வாரத்தை ஒட்டித்தான் நடுப்பள்ளம் துலங்கும். கிளைப் பள்ளங்கள் 28 முதல் 32 வாரங்களில் வரும். நுணுக்கமானவை பிறந்த பிறகும் உருவாகிக்கொண்டிருக்கும்.

பெருமூளைப் புறணி (பக்கத்து வீட்டில் பேசுகிற புறணி அல்ல) 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ள மேல் ஏடு. உள்ளே இருக்கும் பகுதியைவிட இது வேகமாக விரிகிறது. ஐந்தரை மீட்டர் புடவையை இடுப்பில் செருகக் கொசுவம் வைக்கிறோமே, அதே கதைதான். வளர்ந்தவர்களுக்குப் புறணிப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள்தான் இருக்கிறது.

மடிப்பே விழாத லிசென்செபாலி என்ற குறைபாடு உண்டு. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் மூளை வழவழப்பாக இருக்கிற 20வது வார ஸ்கேனில் அதைப் பிரித்துச் சொல்வது கடினம். வீட்டில் முன்பு ஒரு குழந்தைக்கு அது இருந்திருந்தால் மட்டும், 28 வாரத்துக்கு மேல் மறுபடி எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். இப்போது ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்: மூளை அறையின் (மூளைக்குள் திரவம் நிறைந்த இடம்) அகலம் 10 மி.மீ.க்குள் இருக்கிறதா?

கேள்வி: புறணியின் ஆறு அடுக்குகளில் முதலில் பிறந்த செல்கள் அடியிலும் பிந்திப் பிறந்தவை மேலேயும் இருக்கின்றன என்று படித்தேன். பிந்தி வந்தது எப்படி முந்திப் போகும்?
– நீட் மாணவி, காட்பாடி

செல்கள் புறணியில் பிறப்பதில்லை. பிறக்கிற இடம் ஆழத்தில், மூளை அறையின் சுவரில். அங்கே 'ரேடியல் கிளியா' என்ற தாய்ச் செல்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட இழையை மூளையின் மேற்பரப்புவரை நீட்டியிருக்கும். தாய்ச் செல் பிரியும்போது ஒன்று அங்கேயே தங்கும். மற்றொன்று நியூரானாகி, பனையேறி மரத்தைத் தழுவி ஏறுவதுபோல, அந்த இழையைப் பற்றி மேலே போகும். முதலில் ஏறியவை அடியிலுள்ள ஆறாம் அடுக்கில் இறங்கிவிடும். அடுத்து வருபவை அவற்றை ஊடுருவித் தாண்டி ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு என்று குடியேறும். 1961இல் ஆஞ்செவைன், சிட்மன் என்ற விஞ்ஞானிகள், புதிதாகப் பிறக்கும் செல்களில் அடையாளமாகப் பதியும் கதிரியக்கத் தைமிடின் கொடுத்து எலிகளில் இந்த வரிசையைக் காட்டினார்கள்.

முதல் அடுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்குள்ள கஜால்–ரெட்சியஸ் செல்கள் தொடக்கத்திலேயே வந்துவிடும். அவை சுரக்கும் ரீலின் என்ற புரதம்தான் ஏறி வரும் செல்கள் சரியான இடத்தில் அமர வழி செய்கிறது. ரீலின் இல்லாத எலிகளில் அடுக்கு வரிசை குலைந்துபோகிறது. இன்னொன்று: எல்லா நியூரானும் மரமேறி அல்ல. தடுப்பு வேலை செய்யும் நியூரான்கள் கீழ்ப்பகுதியில் வேறிடத்தில் பிறந்து பக்கவாட்டில் ஊர்ந்து வருகின்றன.

பயணம் எங்கே தடைப்பட்டது என்பதைக் கோளாறே காட்டிக்கொடுக்கும். கிளம்பவே முடியாத செல்கள் மூளை அறையின் ஓரத்தில் உருண்டைகளாகத் தங்கும். டபுள்கார்ட்டின் மரபணுவில் பிழை இருந்தால் பெண் குழந்தைகளுக்குப் பாதி வழியில் நின்ற செல்கள் புறணிக்குக் கீழே இன்னொரு பட்டையாகும். பிற்காலத்தில் வலிப்புக்கு இது ஒரு காரணம். ஜிகா வைரஸ் தாய்ச் செல்லையே தாக்குகிறது, அதனால் தலை சிறுத்துவிடுகிறது. இதையெல்லாம் படமாகப் பார்க்க ஆசையிருந்தால், சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தாரணி' தொகுப்பைப் பாருங்கள். கரு மூளையின் 5,132 சீவல்கள் அதில் இருக்கின்றன.

கேள்வி: எங்கள் முதல் குழந்தைக்கு முதுகுத்தண்டு மூடாமல் இருந்தது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். போலிக் ஆசிட் எப்போது தொடங்குவது?
– வாசகர், ஆம்பூர்

கரு உண்டாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே. கணக்கைப் பாருங்கள். பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவதால் அவர்கள் கணக்கில் அது 6 வாரம். நாள் தள்ளிப்போனது தெரிவதே 4 வாரத்தில். டெஸ்ட் எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்குவதற்குள் 7, 8 வாரம் ஆகிவிடும். அப்போது தொடங்கும் மாத்திரை குழாய் மூடுவதற்கு உதவாது.

மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போதும். உங்கள் மனைவிக்கு அதைப்போல் பத்து மடங்கு தேவை. 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 1991ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், இரண்டாவது குழந்தைக்கும் இது வருவது 72 சதவீதம் குறைந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் 5 மில்லிகிராம் மாத்திரை கிடைக்கும். டாக்டர் எழுதித் தந்தபடி தினம் ஒன்று, 12வது வாரம்வரை. அளவைக் கூட்ட மல்டிவிட்டமின் மாத்திரையை நாலைந்தாகப் போடக் கூடாது. அதில் உள்ள விட்டமின் ஏ அதிகமானால் அதுவே கருவுக்குக் கேடு. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுபவராக இருந்தால் கரு உண்டாகும் முன்பே மருந்தை மாற்றுவது பற்றிப் பேசுங்கள். தானாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: ஏழாம் மாத வளைகாப்பில் வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்குமா?
– வாசகி, அணைக்கட்டு

காது போன்ற புலன்களின் செய்தியைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸிலிருந்து வரும் நரம்பு இழைகள் புறணிக்கு அடியில் பல வாரம் காத்திருந்துவிட்டு, 24 முதல் 28 வாரங்களில்தான் உள்ளே நுழைகின்றன. ஒலிக்குக் குழந்தை அசைந்து பதில் சொல்வதும் ஏறக்குறைய அப்போதுதான். ஆக, மாதத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள்! ஆனால் வயிற்றைத் தாண்டி நன்றாகப் போவது தாழ்ந்த ஒலி. கண்ணாடி வளையலின் கிணுகிணுப்பைவிட அம்மாவின் பேச்சுக்குரல் தெளிவாகச் சேரும்.

கேள்வி: மூளை வளர்ச்சிக்குக் குங்குமப்பூ வாங்கலாமா?
– வாசகர், ஆற்காடு

அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். உப்பையும் கவனியுங்கள். 18, 20 வாரம்வரை குழந்தையின் தைராய்டு சரிவர வேலை செய்யாது. புறணிச் செல்கள் இடம்பெயரத் தேவையான ஹார்மோனை அம்மாதான் தர வேண்டும், அதற்கு அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம். உப்பு, பால், முட்டை, மீன் எல்லாம் சேர்ந்துதான் அந்த அளவை எட்டும். முதல் பரிசோதனையிலேயே டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். கல் உப்பு வாங்கினால் பாக்கெட்டில் 'அயோடின் சேர்த்தது' என்று இருக்கிறதா பாருங்கள். அடுப்புப் பக்கத்தில் மூடியில்லாமல் வைத்த உப்பில் அயோடின் குறைந்துகொண்டே போகும். மூடி போட்ட ஜாடியில் வையுங்கள், குழம்பை இறக்கும்போது போடுங்கள்.