உடல் எடை அதிகமானவருக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது ஆக்சிஜன் அளவை எப்படிக் கவனிப்பார்கள்? விரலில் மாட்டும் கிளிப் மட்டும் போதுமா?

கேட்டவரின் அம்மாவுக்கு எடை 110 கிலோ. பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்யப்போகிறார்களாம். நான் மயக்க மருத்துவர் என்பதால் நேராகவே சொல்கிறேன்: கிளிப் இல்லாமல் தொடங்கவே மாட்டோம், ஆனால் அதை மட்டும் நம்பியும் இருக்க மாட்டோம்.

அந்தக் கிளிப்தான் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்த வழி அது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை விரல் வழியே செலுத்தி, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்திருக்கிறது என்று கணக்கிடும். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு ஒலி எழும்பும். அந்தச் சதவீதம்தான் சாச்சுரேஷன்; அது இறங்க இறங்க ஒலியின் சுருதியும் இறங்கும். கண்ணும் கையும் நோயாளியின் தொண்டையில் இருக்கும்போது எங்கள் காது அந்தச் சுருதியில்தான் இருக்கும்.

ஆனால் அது தாமதமாகச் சொல்லும் கருவி. நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பு கரைந்துகொண்டே போகும்போதும் திரையில் 99, 98 என்றே நிற்கும். 90-ஐத் தொட்டபின் மடமடவென்று சரியும். நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்கு எட்டவும் சில நொடிகள் பிடிக்கும். கை குளிர்ந்திருந்தால் இன்னும் கூடும்.

பருமனானவர்களுக்கு இந்தத் தாமதம் ஏன் ஆபத்து? மல்லாந்து படுத்ததும் வயிற்றின் பாரம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை நெஞ்சுக்குள் தள்ளுகிறது. மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்தால் இன்னும் மேலே ஏறும். மூச்சை விட்டபின் நுரையீரலில் மிஞ்சியிருக்கும் காற்றுதான் நம் சேமிப்பு. அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கலாம். உடலின் ஆக்சிஜன் செலவோ அதிகம். நன்றாக ஆக்சிஜன் கொடுத்தபின் மூச்சு நின்றால், சராசரி எடையுள்ள ஆரோக்கியமானவருக்குச் சாச்சுரேஷன் 90-க்கு இறங்க சுமார் 8 நிமிடம் ஆகும். மிகப் பருமனானவருக்கு 3 நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போடுவதற்குள்ள அவகாசம் அவ்வளவுதான்.

அதனால் பெரும்பாலான வேலை மயக்கத்துக்கு முன்பே நடக்கிறது. தலை, தோள்களுக்கு அடியில் சரிவாக அடுக்கி, காதுத்துளையும் நெஞ்செலும்பின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரும்படி படுக்க வைப்போம். முகமூடியை இறுக்கமாக வைத்து, வெளிவிடும் மூச்சிலேயே ஆக்சிஜன் 90 சதவீதத்தை நெருங்கும் வரை காத்திருப்போம். ‘முகமூடி மூச்சு முட்டுகிறது’ என்று அம்மா தள்ளிவிடாமல் இருக்க, முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். அந்தச் சில நிமிடங்கள் அத்தனை முக்கியம்.

ட்யூப் போட்டதும் நான் முதலில் தேடுவது சாச்சுரேஷனை அல்ல, கேப்னோகிராஃபைத்தான். வெளிவரும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அது அலையாகக் காட்டும். ட்யூப் தவறி உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் அடுத்தடுத்த சில மூச்சுகளிலேயே தெரிந்துவிடும். கிளிப் அப்போதும் 99 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம்.

பிறகு வென்டிலேட்டரில், மூச்சின் முடிவிலும் கொஞ்சம் அழுத்தம் மிஞ்சும்படி வைப்போம், காற்றறைகள் மூடிக்கொள்ளாது. ஒரு மூச்சின் அளவை அவருடைய 110 கிலோவை வைத்து அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவோம். எடை கூடினாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றில் வாயு நிரப்பும்போது உதரவிதானம் மறுபடி மேலே ஏறும். நல்லவேளையாக, பித்தப்பை ஆபரேஷனில் தலைப்பக்கத்தை உயர்த்துவதுதான் வழக்கம். கர்ப்பப்பை ஆபரேஷனில் தலையைத் தாழ்த்துவதால் எங்களுக்குச் சிரமம் அதிகம். இரத்த அழுத்தப் பட்டையை ஒரு கையிலும் கிளிப்பை மறு கையிலும் மாட்டுவோம். பட்டை இறுகும்போது அந்தக் கையில் நாடி மறைந்துவிடும்.

தியேட்டரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது முதல் இரவு. மார்ஃபின் வகை வலிமருந்து தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தால், மூச்சு குறைந்தாலும் சாச்சுரேஷன் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். ஆகவே அம்மா பலமாகக் குறட்டை விடுவாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவாரா, பகலில் அடிக்கடி கண் அசருவாரா என்பதை மயக்க மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தூக்கத்தில் முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு தரும் சீபேப் கருவி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். விரல் நகத்தில் பாலிஷ் இருந்தால் அழித்துவிடுங்கள். வார்டில் தலைப்பக்கம் உயர்த்தியே படுக்க வைப்பார்களா, இரவு முழுக்க சாச்சுரேஷனோடு மூச்சு எண்ணிக்கையையும் பார்ப்பார்களா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.