சாவி உங்க கையில, பங்கு யாரு பேர்ல? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க ஐயாவோட அப்பச்சி (அப்பா) கட்டின வீடு, கானாடுகாத்தான் பக்கம். இப்ப 9 பங்காளிக. அதுல சென்னையில இருக்குற ஒருத்தர் தன் பங்கை பழைய சாமான் வியாபாரி ஒருத்தருக்கு கிரயம் பண்ணிட்டாரு. அந்த ஆளு போன வாரம் மினி லாரியோட வந்து, ரெண்டாங்கட்டுல உள்ள தேக்குத் தூணு, நிலைக்கதவு எல்லாம் என் பங்குன்னு கழட்டப் பாத்தாரு. நிறுத்த முடியுமா?
– பங்காளி ஒருத்தர், காரைக்குடி

பதில்: முடியும், ஆனா அடுத்த லாரி வர்றதுக்குள்ள கோர்ட்டுக்குப் போயிருங்க.

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணம் ஆன ஒவ்வொரு புள்ளிக்கும் (தம்பதிக்கும்) வளவுல, அதாவது முற்றத்தைச் சுத்தி, ஒரு அறை, ஒரு சாவி, அவ்வளவுதான் ஏற்பாடு. 40 வருஷம் சாவி இடுப்புல கெடந்ததும் அந்த அறையே தன் சொத்துன்னு மனசுல பதிஞ்சு போகுது. முறையா பாகம் பிரிக்காத வரைக்கும் அப்படி இல்லீங்க. சென்னைக்காரருக்கு எத்தனை பங்கோ அது மொத்த வீட்டுலயும் கலந்து கெடக்கு, இந்தத் தூணு எனக்கு அந்தக் கதவு உனக்குன்னு யாரும் கை வைக்க முடியாது.

ஒண்ணு மட்டும் உங்களுக்குப் பிடிக்காது, அவரு பங்கை அவரு வித்தது செல்லும், உங்க கையெழுத்து தேவையில்ல. ஆனா வாங்கினவருக்கு என்ன கெடச்சுதுன்னு பாருங்க. 1882 சொத்துரிமை மாற்றச் சட்டம் 44வது பிரிவுப்படி, பிரிக்காத குடும்ப வீட்டுல பங்கு வாங்கின வெளியாளு உள்ள வந்து சேர்ந்து அனுபவிக்க முடியாது, பாகம் கேட்டு கேஸ்தான் போடணும். போட்டாருன்னா உங்களுக்கு ஒரு சான்ஸ் இருக்கு: 1893 பாகப்பிரிவினைச் சட்டம் 4வது பிரிவுல, கோர்ட்டு போடுற மதிப்பைக் கட்டி அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கலாம். அதனால இப்பவே மத்த எட்டு பேரும் காசு பத்திப் பேசி வைங்க, அந்த நேரத்துல சிங்கப்பூருக்கு போன் போட்டுக்கிட்டு இருந்தா ஆகாது.

முதல்ல இடைக்காலத் தடை கேளுங்க, கூடவே அட்வகேட் கமிஷனர் (கோர்ட்டு அனுப்புற வக்கீல்) போடச் சொல்லி மனு குடுங்க, அவரு வந்து தூணு எத்தனை கதவு எத்தனைன்னு எண்ணி ரிப்போர்ட் குடுப்பாரு. ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னுதான் சொல்லுவாக, பரவாயில்ல, மனுவைக் குடுத்து ரசீது வாங்கி வைங்க. ஒரு வீட்டுல நான் பாத்தேன், நாலு தூணுக்கு மூணுதான் நிக்குது, நாலாவது இருந்த எடத்துல இரும்பு பைப்பை முட்டுக் குடுத்து அதுல துணி காயப் போட்டுருந்தாக. எப்ப போச்சுன்னு கேட்டா ஆளுக்கொரு வருஷம் சொல்றாக, ஒரு போட்டோ கூட கிடையாது.

கேள்வி: எனக்கு 78 வயசு, புள்ளைக இல்ல, வீட்டுக்காரவுகளும் போயி 11 வருஷம் ஆச்சு. பள்ளத்தூர்ல உள்ள வீடு எங்க ஆத்தா வழி வந்தது. வயக்காடு அவுக வாங்கினது, அவுகளுக்குப் பிறகு எனக்கு வந்துச்சு. ரெண்டையும் என்னைப் பாத்துக்கிற அண்ணன் மகளுக்குன்னு டைரியில எழுதி கையெழுத்துப் போட்டு பெட்டியில வச்சிருக்கேன். போதுமா?
– ஆச்சி, தேவகோட்டை

பதில்: போதாதுங்க ஆச்சி. டைரியில எழுதுனது தப்பில்ல, உயிலுக்கு முத்திரைத்தாளும் வேணாம், பதிவும் கட்டாயமில்ல. ஆனா ரெண்டு சாட்சி கட்டாயம் வேணும். நீங்க கையெழுத்துப் போடுறதை அவுக பாக்கணும், இல்லாட்டி இது என் கையெழுத்துதான்னு நீங்க அவுககிட்ட சொல்லணும், அப்பறம் உங்க முன்னாலயே அவுக போடணும். அது இல்லாம அந்த டைரி வெறும் டைரிதான்.

உயில் இல்லாமப் போச்சுன்னா என்ன ஆகும்னும் சொல்லிடுறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15வது பிரிவுப்படி, புள்ளை இல்லாத அம்மாளோட சொத்து வந்த வழிக்கே திரும்பிப் போகும். ஆத்தா வழி வீடு உங்க அப்பச்சியோட வாரிசுகளுக்கு, வயக்காடு உங்க வீட்டுக்காரவுகளோட வாரிசுகளுக்கு. பாத்துக்கிட்ட அண்ணன் மகளுக்கு வயல்ல ஒரு சென்ட் கூட வராது, வீட்டுல அவளும் மத்தவுக கூட வரிசையில நிக்கணும்.

சாட்சிக்கு உங்க வயசுக்காரவுகளைக் கூப்பிடாதீக ஆச்சி, நாளைக்குக் கோர்ட்டுல வந்து சொல்ல ஒருத்தராவது இருக்கணுமுல்ல. அண்ணன் மகளையோ அவ வீட்டுக்காரரையோ போட வேணாம். வைத்தியம் பாக்குற டாக்டர் ஒருத்தரு, தெரிஞ்ச பேங்க் ஆளு ஒருத்தரு இருந்தா நல்லது. கை நடுக்கம் இருந்தா பதிவும் பண்ணிருங்க, பின்னால யாராவது கையெழுத்து மாதிரி இல்லைன்னு கிளம்புனா அது கைகொடுக்கும். தானசெட்டில்மென்ட் (இப்பவே சொத்தைக் குடுத்துடுற பத்திரம்) எழுதுன்னு சொல்லுவாக, அவசரப்படாதீக. எழுதிக் குடுத்துட்டா திருப்பி வாங்குறது லேசுல நடக்காது, உயிலை நெனச்சா நாளைக்கே மாத்தலாம்.

கேள்வி: அப்பச்சி 1996ல தவறிட்டாக, உயில் இல்ல. எனக்குக் கல்யாணம் 1985ல. சீர் செஞ்சு சாமான் பரப்பியாச்சு, உனக்கு வீட்டுல பங்கு இல்லன்னு அண்ணனுக சொல்றாக.
– வாசகி, புதுவயல்

பதில்: சீர் வாங்குனா பங்கு போச்சுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல தங்கச்சி. அப்பச்சி சுயமா சம்பாதிச்சதுன்னா ஆத்தாளுக்கும் அண்ணனுகளுக்கும் என்ன பங்கோ அதே பங்கு உங்களுக்கும். பூர்வீகம்னாலும் 2005 திருத்தத்துக்கு அப்பறம் மகளும் பிறப்பால பங்காளிதான், அப்பா அந்தத் தேதியில உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் வினீதா சர்மா வழக்குல சொல்லிருச்சு. ஆனா 20.12.2004க்கு முன்னால பத்திரம் பதிஞ்சு பாகம் பிரிச்சிருந்தா அதைக் கலைக்க முடியாது. அதனால மொதல்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. அப்பறம், எப்பவாவது ஒரு கையெழுத்துன்னு சொல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போனாகளான்னு யோசிங்க. விடுதலைப் பத்திரம் (என் பங்கை விட்டுக் குடுத்தேன்னு எழுதுறது) போட்டிருந்தீகன்னா கதையே வேற.

கேள்வி: ஆத்தங்குடியில நானும் கூட்டாளியும் சேர்ந்து கல்லுப் (தரை டைல்ஸ்) பட்டறை. அவரு திடீர்னு தவறிட்டாரு. கூட்டைப் பதிவு பண்ணல. அவரு மகன் கணக்குக் கேக்குறான்.
– வாசகர், ஆத்தங்குடி

பதில்: ரெண்டே பேரு, ஒருத்தர் போயிட்டா பட்டறை கூட்டு அதோட முடிஞ்சுது. கணக்கை முடிக்காம நீங்க தொழிலை நடத்துனா, அவரு பங்குக்கு உள்ள லாபமோ இல்ல வருஷத்துக்கு 6 சதவீத வட்டியோ, எது வேணும்னு கேக்குற உரிமை அவரு வாரிசுகளுக்கு. பதியாத கூட்டுன்னா, அது நடக்குற வரைக்கும் கல்லு வாங்கிட்டுப் பாக்கி வச்சவன் மேல கூட்டுப் பேர்ல கேஸ் போட முடியாது; முடிஞ்சு போன கூட்டோட பாக்கியை வசூல் பண்ண அந்தத் தடை இல்ல. அந்தப் பையனைக் கூட உக்கார வச்சு, அச்சு எத்தனை, காயுற கல்லு எத்தனை, வெளிய பாக்கி எவ்வளவுன்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அவனுக்கு அம்மா, அக்கா தங்கச்சி இருந்தா அவுக கையெழுத்தும் வேணும்.