சின்னப் படகுக்கு லித்தியம் பேட்டரி: கேட்டவர்களுக்குப் பதில்

வந்த கேள்விகளில் பாதி "எவ்வளவு நேரம் ஓடும்?" என்பதுதான். அதற்கு முதலிலேயே நீளமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

பழவேற்காட்டு நண்பர்: 16 அடி ஃபைபர் படகு. ஏரியில் பறவை பார்க்க மூன்று பேர் போவோம். 55 பவுண்டு விசையில் தள்ளுகிற டிரோலிங் மோட்டார் (சின்ன எலெக்ட்ரிக் மோட்டார்), 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) இன்வெர்ட்டர் பேட்டரி. ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. 100 ஏ.எச். லித்தியம் போட்டால் எவ்வளவு நேரம் வரும்?

ஏ.எச்.சை விடுங்கள், வாட்-அவரில் கணக்குப் போடுங்கள். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் வரை இழுக்கும். 12.8 வோல்ட்டால் பெருக்கினால் 640 வாட். 100 ஏ.எச். எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-அவர். எண்பது சதவீதம்தான் செலவழிப்பது என்று வைத்தால் ஆயிரத்துச் சொச்சம். முழு வேகத்தில் ஒன்றரை மணி நேரம், இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கா இத்தனை செலவு என்பீர்கள். உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி, டியூபுலர் என்கிற ஈய ரகம், ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், இது பன்னிரண்டு கிலோ சுமார். படகில் ஒரு ஆள் குறைந்த மாதிரி. பெட்டியில் எழுதியிருக்கிற 150 என்பதும் பொதுவாக இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைக்கிற கணக்கு. ஐம்பது ஆம்பியரில் உறிஞ்சினால் அதில் நிறையக் காணாமல் போகும். தினமும் அடிமட்டம் வரை இறக்கினால் ஈய பேட்டரி சீக்கிரம் செத்தும் போகும்.

உங்கள் மோட்டாரில் முன்னோக்கி ஐந்து ஸ்பீடு மட்டும் இருந்தால் அது பழைய ரகம். குறைந்த வேகத்தில் மிச்சத்தைச் சுருளில் சூடாக்கி வீணடிக்கும். கைப்பிடியைத் திருகத் திருக வேகம் சீராக ஏறுகிற ரகத்துக்கு மாறினால், பேட்டரியை மாற்றுவதைவிட அதிக நேரம் கிடைக்கும்.

ஒரு வேண்டுகோள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் போடுங்கள். கீழேயும் சொல்வேன்.

ஏலகிரியிலிருந்து: 12 வோல்ட் 100 ஏ.எச்., 40 பவுண்டு மோட்டார். எத்தனை மணி நேரம்?

மேலே இருக்கிறது கணக்கு. ஆம்பியரை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

தூத்துக்குடி தம்பி: பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கிற மின்னணுப் பலகை) இருக்கிறதே, ஃப்யூஸ் எதற்கு?

பி.எம்.எஸ்.ஸில் கரண்டை வெட்டுவது மாஸ்ஃபெட் என்கிற மின்னணு சுவிட்ச். அது கெடும்போது பெரும்பாலும் திறந்து கொள்ளாது, ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் வெட்ட ஆளே இல்லை. லித்தியத்தின் உள் தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆட்டோ கடையில் கிடைக்கிற பிளேடு ஃப்யூஸ் அதைத் தாங்காது, உருகிய பிறகும் நடுவில் தீப்பொறி பாலம் போட்டு நிற்கும். கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் வாங்குங்கள்.

ஒயரையும் பாருங்கள். அணியத்தில் பேட்டரி, பின்னால் மோட்டார், நடுவில் மூன்று மீட்டர் என்றால் போக வர ஆறு மீட்டர். வீட்டு வேலையில் மிஞ்சிய 6 சதுர மி.மீ. ஒயர் போட்டால் 50 ஆம்பியரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். 46 வாட் சும்மா ஒயரைச் சுட வைக்கிறது. 16 சதுர மி.மீ. போடுங்கள், வெள்ளீயம் (டின்) பூசிய செம்பாக. வெறும் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகும்.

நாகப்பட்டினம் அண்ணன்: 28 அடி ஃபைபர் படகு, 10 எச்.பி. அவுட்போர்டு. எண்ணெய்ச் செலவு தாங்கவில்லை. 3 கிலோவாட் எலெக்ட்ரிக் மோட்டார் 10 எச்.பி.க்குச் சமம் என்று விற்பவர் சொல்கிறார். பேட்டரி எவ்வளவு வேண்டும்?

அவர் சொல்வதை நம்பாதீர்கள், அண்ணே. 1 எச்.பி. என்பது 746 வாட். 10 எச்.பி. என்றால் ஏழரை கிலோவாட். நீங்கள் 5.5 கிலோவாட்டில் ஆறு மணி நேரம் ஓட்டுவதாக வைத்தால் 33 யூனிட். அத்தனை யூனிட்டுக்கு லித்தியம் ஏறக்குறைய முந்நூறு கிலோ ஆகும். வலை எங்கே வைப்பீர்கள், மீன் எங்கே வைப்பீர்கள்?

அதே அண்ணன்: எலெக்ட்ரிக்குக்கு டார்க் (சுழற்று விசை) அதிகம். ஸ்கூட்டரைப் பாருங்கள், எடுத்தவுடன் பாய்கிறது.

ஸ்கூட்டர் மேம்பாலம் ஏற வேண்டும், அதற்கு அந்தப் பாய்ச்சல் உதவும். தண்ணீரில் படகைத் தொடர்ந்து தள்ள வேண்டியது வாட். டார்க் வேண்டுமென்றால் கியர் வைத்துப் பெட்ரோலிலும் கூட்டலாம்.

ராமேசுவரத்திலிருந்து ஒருவர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் ஒரு வத்தைப் படகில் 3 கிலோவாட் எலெக்ட்ரிக் மோட்டார் போட்டிருக்கிறார்கள். 8 எச்.பி. மாதிரித்தான் தள்ளுகிறது. கண்ணால் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள், அது பொய்யில்லை. அதன் ப்ரொபெல்லரின் அளவையும் பார்த்தீர்களா? பெரிய ப்ரொபெல்லர் மெதுவாகச் சுற்றினால் நிறையத் தண்ணீரை நிதானமாகத் தள்ளும், வீண் குறைவு. சின்ன அவுட்போர்டின் ப்ரொபெல்லர் வேகமாகச் சுற்றிக் கடைகிறது. ஆகவே மெதுவாகப் போகும்வரை உங்கள் 3 கிலோவாட் தன் தகுதிக்கு மேல் தள்ளுவதாகத் தெரியும். நாகை அண்ணன் போகிற வேகத்துக்கு இழுத்துப் பாருங்கள், அங்கே நின்றுவிடும்.

நாகை அண்ணன்: அப்படியானால் கேரளாவில் 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய சக்திப் படகு ஓடுவது எப்படி?

'ஆதித்யா'வைச் சொல்கிறீர்கள். வைக்கம் - தவணக்கடவு, 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. அதன் பேட்டரியே 50 யூனிட், கூரையில் 20 கிலோவாட் சோலார். வேம்பநாட்டுக் காயலைக் குறுக்கே கடக்கிற சிறு தூரம், ஒல்லியான இரட்டை உடல், மிதமான வேகம், இரண்டு பக்கமும் துறை. அந்தப் படகுக்கு அந்தத் தடம் பொருந்தியது. உங்கள் கடலில் அலை உண்டு, எதிர்க் காற்று உண்டு, துறை இல்லை.

வேகம்தான் இங்கே எல்லாவற்றையும் தின்கிறது. இந்த மாதிரிப் படகில், சறுக்கி எழாமல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்வரை, வேகத்தைப் பாதியாக்கினால் வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்று. நேரம் இரண்டு மடங்கானாலும் அதே பேட்டரியில் நாலு மடங்கு தூரம். காற்றில்லாத தண்ணீரில்தான் இந்தக் கணக்கு. சோழகம் எதிரே அடிக்கும்போது பாதி வேகத்தில் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். கரையோர நண்டு வலைக்குப் பொருந்தும், பத்துக் கடல் மைலுக்குப் பொருந்தாது. ராமேசுவரத்தாரும் அண்ணனும் இதைப் பிறகு பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, நாலு 12 வோல்ட் பற்றறியைத் தொடராப் பூட்டி 48 ஆக்கலாமோ?

பேட்டரி விவரத்தாளில் நான்கு வரை தொடரில் இணைக்கலாம் என்று இருந்தால் மட்டும். முதலில் நான்கையும் தனித்தனியாக முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். பிறகு பக்க இணைப்பில் ஓர் இரவு விட்டுவிட்டுத் தொடரில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று முந்தி நிரம்பும், ஒன்று முந்தி வற்றும். வற்றியதன் பி.எம்.எஸ். வெட்டினால் நடுக் காயலில் எல்லாம் நிற்கும். முடிந்தால் 16 செல் கொண்ட ஒரே 51.2 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். முழுச் சார்ஜில் அது 58.4 வோல்ட். ஈரக் கையோடு முனையைத் தொட வேண்டாம். துடுப்பும் படகில் இருக்கட்டும்.

கடலூரிலிருந்து: மீட்டரில் 13.2 வோல்ட் காட்டிக்கொண்டே இருந்தது, திடீரென்று மோட்டார் நின்றுவிட்டது. மீட்டர் கோளாறா?

இல்லை. எல்.எஃப்.பி.யின் வோல்டேஜ் நடுவில் தட்டையாகவே கிடக்கும். எழுபது சதவீதத்துக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கடைசியில் செங்குத்தாக விழும். போகிற வருகிற ஆம்பியரை எண்ணுகிற ஷன்ட் மீட்டர் போடுங்கள்.

திருச்சியிலிருந்து: பழைய இன்வெர்ட்டரிலேயே சார்ஜ் செய்யலாமா?

கூடாது. ஈய பேட்டரிக்கான சமன் சார்ஜில் வோல்டேஜ் 15-ஐத் தாண்டும். 14.6-க்கு மேல் போகாத சார்ஜர் வேண்டும்.

பெயர் சொல்லாதவர்: லித்தியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாதாமே? படகில் தண்ணீர்தானே இருக்கிறது?

அது உலோக லித்தியத்துக்குச் சொன்னது. இந்த பேட்டரிகளில் உலோக லித்தியம் இல்லை. குளிர வைக்கத் தண்ணீர்தான் சரி, நிறைய. அதற்கு முன் ஆட்களைக் காற்று வரும் பக்கம் நகர்த்துங்கள், புகை விஷம். 2022-இல் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகுதான் அவற்றின் பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியை இறுக்கினார்கள். எரிந்த ஸ்கூட்டர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எல்.எஃப்.பி. வாங்குங்கள். நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. ரகத்தைவிட அது சூட்டைத் தாங்கும். எரியவே எரியாது என்று நான் சொல்லவில்லை. பழைய ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துப் படகுக்குப் போடலாமா என்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். நாலு பேருக்கும் சேர்த்து: வேண்டாம்.

புதுச்சேரியிலிருந்து: ஒரு சோலார் பலகை மாட்டினால் சார்ஜே போட வேண்டாமா?

330 வாட் பலகை நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஒன்றேகால் யூனிட் தரும். பழவேற்காட்டு மோட்டாருக்கு இரண்டு மணி நேரம். பலகை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், காற்றில் பாய் மாதிரி இழுக்கும். நிற்கும்போது போடுங்கள்.

இன்னொருவர்: 100 ஏ.எச். எத்தனை மணி நேரம்?

மேலே.

கடைசியாக வந்தவர்: எந்த பிராண்ட் வாங்கலாம்?

பெயர் சொல்ல மாட்டேன். கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பி.எம்.எஸ். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும், பெட்டி ஐ.பி. 67-ஆ (தூசும் தண்ணீரும் புகாத தரம்). பெட்டியில் 100 ஏ.எச். என்று இருந்து பி.எம்.எஸ். 30 ஆம்பியர் என்றால் அது தெருவிளக்குக்குச் செய்த பேட்டரி, உங்கள் மோட்டாரில் முழு வேகம் வைத்ததும் வெட்டிவிடும். ஃப்யூஸையும் அதே கடையில் கேளுங்கள். இல்லை என்றால் முதலில் அதைத் தேடி வாங்கிவிட்டுப் பிறகு பேட்டரிக்குப் போங்கள்.