டூட்டூ பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனத்துக்கு உடைகள் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன் என்றதும், அதில் பெண்கள் போடும் அடுக்கடுக்கான பாவாடையான டூட்டூவைப் பற்றி நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, இந்தக் குட்டிப் பாவாடையை முதலில் யார் போட்டது?

அப்படி ஒருவரைக் காட்ட முடியாது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் ஓபரா அரங்கில் பெண்கள் அரசவை உடையிலேயே ஆடினார்கள், தரையைத் தொடும் பாவாடை, உள்ளே வளையக் கூடு, குதிகால் செருப்பு. மரி கமார்கோ துள்ளிக் குதித்து ஆடுவதில் கெட்டிக்காரர், அந்தக் கால் வேலை யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்பதால் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார், அதற்கே ஊர் பேசியது. 1734-இல் லண்டனில் மரி சாலே வளையக் கூட்டையே கழற்றிப் போட்டுவிட்டு மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணி அங்கியில் மட்டும் ஆடினார்.

ஆனால் இன்று நாம் டூட்டூ என்கிற உடை தொடங்குவது 1832 மார்ச் 12-இல், பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே அரங்கேறிய இரவில். மரி டாக்லியோனி அதில் காற்றில் வாழும் ஒரு வன தேவதை, நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா பிலிப்போ. மணியைக் கவிழ்த்த மாதிரி விரிந்து பாதிக் கெண்டைக்கால் வரை வரும் வெள்ளைப் பாவாடை, அதை வடிவமைத்தவர் ஓவியர் யூஜின் லாமி என்று சொல்வார்கள். அந்த அரங்குக்கு கேஸ் விளக்கு வந்து அப்போது பத்து வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வெளிச்சத்தில் மெல்லிய வெள்ளைத் துணி தானே ஒளிர்வது போலத் தெரியும், அதற்குள் இருப்பவள் கால் விரல் நுனியில் வேறு நிற்கிறாள், பார்த்தவர்களுக்கு அவள் தரையில் நிற்கிறாள் என்றே தோன்றியிருக்காது. எனக்கு இன்றும் மிகப் பிடித்தது இந்த நீள வகைதான். 'ஜிசெல்' என்ற பாலேவைப் பார்த்தவர்களுக்குப் புரியும், ஆடுபவள் நின்ற பிறகும் பாவாடை ஒரு நொடி தாமதித்துத்தான் அடங்கும்.

அப்புறம் ஏன் இடுப்போடு நின்றுவிட்டது? கவர்ச்சிக்காகத்தானே?

இல்லை, கால் வித்தைக்காக. 1880-களில் இத்தாலிய நடனமணிகள் சுழலிலும் சமநிலையிலும் எல்லோரையும் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருவரான விர்ஜீனியா ஸுக்கி 1885-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போனபோது, அங்கே வழக்கமான நீளத்தை ஏற்காமல் தன் குட்டைப் பாவாடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பின்னால் வந்த பியெரினா லென்யானி ஒற்றைக் காலில் தொடர்ந்து 32 சுழல் போட்டார், 1895-இல் 'ஸ்வான் லேக்' பாலேவிலும் அதைச் செய்தார். சுழலும்போது மற்ற கால் தொடையிலிருந்து திறந்து மூடுவதுதான் விசை, நீளப் பாவாடை அதை மறைத்துவிடும். ஆபாசம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை முழு நிகழ்ச்சியையும் உட்கார்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த உடையில் தீப்பிடித்து இறந்தார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். மெல்லிய பருத்தி, அதுவும் கஞ்சி போட்டது, அடுக்கடுக்காய் நடுவில் காற்று, இரண்டடி தூரத்தில் மூடியில்லாத கேஸ் சுடர். 1844-இல் லண்டனில் கிளாரா வெப்ஸ்டர் மேடையிலேயே பற்றிக்கொண்டு, பிறகு இறந்துபோனார். எம்மா லிவ்ரி கதை இன்னும் கொடுமை. டாக்லியோனி தன் வாரிசாக நினைத்துப் பயிற்சி கொடுத்த பெண். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது பாவாடையை உதறி விரித்திருக்கிறார், பக்கத்துச் சுடர் பற்றிக்கொண்டது. வயது 20. எட்டு மாதம் வலியில் கிடந்து, 1863 ஜூலையில் போய்விட்டார்.

துணியை ரசாயனக் கரைசலில் நனைத்துத் தீப்பிடிக்காமல் செய்யும் முறை அப்போதே இருந்தது, கட்டாயம் என்று அரசாணையும் இருந்தது. ஆனால் நனைத்த துணி விறைத்து, நிறம் மங்கிவிடும், அதனால் லிவ்ரி வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். அழகாக மிதக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது அரங்கம், சுடருக்கு மூடி போடாததும் அரங்கம்தான். அந்த உடையின் கருகிய மிச்சத்தை பாரிஸ் ஓபராவில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

தட்டு மாதிரி நேராக நிற்கிறதே, உள்ளே கம்பியா?

சிலவற்றில் உண்டு, நடு அடுக்கில் ஒரு மெல்லிய வளையம். ஆனால் பாரத்தைத் தாங்குவது கம்பி அல்ல, அடுக்குகள். ஜட்டி மாதிரி ஒரு அடி உடை, அதில் சுற்றிச் சுற்றி நெட் துணிப் பட்டைகளைச் சுருக்கி வைத்துத் தைப்போம், பத்து பன்னிரண்டு வரிசை. தொடையை ஒட்டிய அடி வரிசை ரொம்பக் குட்டை, ரொம்ப விறைப்பு, மேலே போகப் போக அகலம் கூடும். கீழ் வரிசைகள் முட்டுக் கொடுக்க மேல் வரிசைகள் படுத்துக்கொள்ளும். கடைசியில் எல்லா அடுக்கையும் ஊடுருவி, நூலை இழுக்காமல், தளர்வாகக் கையால் அங்கங்கே பிணைக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் பாவாடை செத்துப்போகும், விட்டுவிட்டால் அடுக்குகள் தனித்தனியாகப் பிரியும். எங்கள் வேலையில் கஷ்டமான இடம் அதுதான், மெஷினில் முடியவே முடியாது.

தட்டு வகைக்கு ஒரு குறை உண்டு. மேடை நிறைய பெண்கள் நின்றால் ஒருத்தியின் விளிம்பு இன்னொருத்தி மேல் இடித்துப் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். 1950 வாக்கில் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பலன்சினின் பாலேக்களுக்கு உடை தைத்த கரின்ஸ்கா வளையத்தை எடுத்துவிட்டு, அடுக்கையும் குறைத்து, பவுடர் பஃப் போல மெத்தென்று தொங்கவிட்டார். பின்னால் வந்த தையல்காரர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

துவைப்பீர்களா?

பாவாடையைத் தண்ணீரில் போடுவதே இல்லை. வியர்வை நாற்றத்துக்கு உள்பக்கம் வோட்கா தெளித்துக் காய விடுவோம், பல அரங்குகளில் இதுதான் வழக்கம். தலைகீழாகத் தொங்கவிடுவோம், இல்லையென்றால் விளிம்பு சரிந்துவிடும். முதுகில் ஜிப் கிடையாது, இரண்டு மூன்று வரிசை ஹூக்தான். ஒரே உடையைப் பலர் போடுவார்கள், ஆளுக்கேற்ற வரிசை.

ஆறு வயது மகளுக்குக் கடையில் விற்கும் எலாஸ்டிக் டூட்டூ வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள், வீட்டில் ஆசை தீரச் சுற்றட்டும். வகுப்புக்கு மட்டும் வேண்டாம். இடுப்பும் முழங்காலும் தெரிந்தால்தான் டீச்சர் திருத்த முடியும்.

நான் பரதம் படிக்கிறேன். நமக்கும் பாலேவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டும்மா. ருக்மிணி தேவி 1928-இல் பம்பாயில் ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவா ஆடியதைப் பார்த்தார். பிறகு ஆஸ்திரேலியா போகும்போது இருவரும் ஒரே கப்பலில் பயணம் செய்தார்கள். பாவ்லோவா குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே கற்றார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். கலாக்ஷேத்ரா பிறந்தது 1936-இல்.

பிரெஞ்சு ஓவியர் டெகா செய்த பாலே சிறுமி சிலையில் இருப்பது நிஜத் துணியா?

நிஜத் துணிதான். 1881-இல் மெழுகில் செய்து காட்சிக்கு வைத்தபோதே பாவாடையும் தலை ரிப்பனும் உண்மையானவை. அந்த மெழுகுச் சிலை இப்போது வாஷிங்டனில் இருக்கிறது. மற்ற ஊர்களில் இருப்பவை அவர் இறந்த பிறகு வார்த்த வெண்கலப் படிகள், அவற்றுக்கும் துணிப் பாவாடைதான். துணி நைந்துபோகும்போது மாற்றுகிறார்கள், அதனால் ஒவ்வொரு அருங்காட்சியகத்திலும் நீளமும் நிறமும் வேறு வேறு. சிலவற்றில் முழங்கால் வரை வருகிறது, சிலவற்றில் தொடைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. எனக்கு நீளமாக, கொஞ்சம் அழுக்கு நிறத்தில் இருப்பதுதான் சரியாகப் படுகிறது, அந்தக் காலப் பயிற்சிப் பாவாடை அப்படித்தான் இருந்தது.