கிச்சன் வேலைக்கு 70 சதவீத அட்வான்ஸா?

கேள்வி: எங்களுடையது 20 வருடப் பழைய வீடு. சமையலறையை மாடுலர் கிச்சனாக மாற்றவும் இரண்டு படுக்கையறைப் பரண்களுக்குக் கதவு போடவும் ஒரு கார்பெண்டர் 2,80,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார். அதில் 70 சதவீதம், அதாவது 1,96,000 ரூபாயை ரொக்கமாக முன்பே கேட்கிறார். பிளைவுட் விலை ஏறப்போகிறதாம், இந்த வாரமே கொடுத்தால் பழைய ரேட்டில் முடித்துத் தருவாராம். தெரிந்தவர் மூலம் வந்த ஆள்தானே, கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். பத்தாயிரத்துக்கு மேல் ஒரு பைசா தரக்கூடாது என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- வாசகி, கோவை

பதில்: இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் உங்கள் மாமியார் கட்சிதான் அம்மா. ஆனால் பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு எந்தக் கார்பெண்டராலும் கிச்சன் வேலையைத் தொடங்க முடியாது. இந்த மாதிரி வேலையில் பிளைவுட், லேமினேட், கீல், டிராயர் சேனல், பசை என்று பாதிக்கு மேல் பொருளுக்கே போய்விடும், சின்ன கார்பெண்டருக்குக் கடைக்காரர் லேசில் கடன் தரமாட்டார், சனிக்கிழமை வந்தால் ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். அதனால் அட்வான்ஸ் கேட்கிறார் என்பதற்காகவே ஆளைச் சந்தேகப்பட வேண்டாம்.

இவ்வளவுதான் வாங்கலாம் என்று சட்டம் ஏதும் வரம்பு வைத்திருக்கிறதா என்றால், இல்லை. ஃபிளாட் கட்டி விற்பவர், பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, சொல்கிறது. கிச்சன் போட்டுத் தருபவருக்கு அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் பேசி முடிப்பதுதான் கணக்கு.

பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவர்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்கள் குறைவுதான். அதிகம் நடப்பது வேறு. உங்கள் அட்வான்ஸை வைத்து, போன மாதம் ஒத்துக்கொண்ட வீட்டுக்குப் பலகை வாங்குவார். உங்கள் வீட்டுக்குப் பலகை வாங்க இன்னொருவர் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் வரத் தாமதமானால் "லோடு வரலக்கா", "பையன் ஊருக்குப் போயிட்டான்", "மழை" என்று ஆரம்பிக்கும். ஆடியில் புது வேலை தொடங்க நம் ஆட்கள் தயங்குவார்கள் இல்லையா, அதனால் ஆனிக் கடைசியில் கொடுத்த பணம் ஆவணி வரைக்கும் அசையாமல் கிடப்பது உண்டு. அந்த மனிதர் திருடன் இல்லை, கையில் முதல் இல்லாமல் நான்கு வீட்டை ஒன்றாக ஒத்துக்கொண்டவர். உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், அடுப்பு ஹாலில்தான் இருக்கும்.

அதனால் சதவீதத்தை விடுங்கள். எந்த நாளில் பார்த்தாலும் நீங்கள் கொடுத்திருக்கும் பணம், வீட்டில் வந்து இறங்கிய பொருளையும் அதுவரை முடிந்த வேலையையும் விட ரொம்ப அதிகமாக இருக்கக்கூடாது. இதற்குச் சுலபமான வழி, பொருள் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடையில் கொடுப்பது. அளவெடுத்து டிசைன் போட்டுத் தரப் பத்து சதவீதத்துக்குள் ஒரு தொகை கொடுங்கள். அப்புறம் அவரையும் கூட்டிக்கொண்டு பிளைவுட் கடைக்குப் போய், பில்லை உங்கள் பெயரில் போடச் சொல்லி, கடைக்காரரின் கணக்குக்கே பணத்தை அனுப்புங்கள். விலை ஏறப்போகிறது என்ற அவசரமும் அன்றே தீர்ந்துவிடும், உண்மையிலேயே ஏறுவதாக இருந்தால். (கடையிலிருந்து கார்பெண்டருக்குக் கமிஷன் போகும். போகட்டும், அதற்காக அவரை விரட்டினால் வேலையில் காட்டுவார்.) பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று மட்டும் நீங்களே பாருங்கள், சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்காவது அந்தத் தண்ணீர் தாங்கும் ரகம் வேண்டும். ஐஎஸ் 303 போட்ட சாதாரண ரகம் பரண் கதவுக்குப் போதும்.

இப்படிச் செய்தால் கார்பெண்டருக்குத் தர வேண்டியது கூலி மட்டும்தான். அதை வேலை ஏற ஏறக் கொடுங்கள்: பெட்டிகள் நின்றதும் ஒரு பங்கு, லேமினேட் ஒட்டியதும் ஒரு பங்கு, கதவும் டிராயரும் மாட்டியதும் ஒரு பங்கு. மொத்தத்தில் ஒரு பத்து சதவீதத்தை, எல்லாம் முடிந்து இரண்டு வாரம் நீங்கள் சமைத்துப் பார்த்த பிறகு கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள். கடைசியில் திடீரென்று பிடித்துவைத்தால்தான் சண்டை வரும். அதற்காக முப்பது, நாற்பது சதவீதத்தைப் பிடித்துவைப்பதும் நியாயமில்லை, அது அவருடைய ஆட்களின் சனிக்கிழமைச் சம்பளம்.

தொழிற்சாலையில் வெட்டி, ஓரம் ஒட்டிக் கொண்டுவந்து மாட்டுகிற கம்பெனி என்றால் இந்த முறை ஓடாது. அவர்கள் பாதிப் பணம் வராமல் வெட்ட மாட்டார்கள். அங்கே மீதியில் பெரும்பகுதியைப் பெட்டிகள் உங்கள் வாசலில் இறங்கிய பிறகு, மாட்டிய பிறகு என்று பிரித்துக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத கம்பெனியை விட்டுவிடலாம், ஊரில் வேறு கம்பெனி இல்லாமலா போய்விட்டது?

அந்த ரொக்க விஷயம். 1,96,000 என்ற எண் தற்செயலா தெரியவில்லை, ஆனால் ஒரே வேலைக்கு மொத்தமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. தவணையாகப் பிரித்தாலும் ஒரே வேலைதான், அபராதம் வாங்கியவருக்கு. "பில் வேணாம்னா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்" என்றும் சொல்வார்கள். வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு உள்ள சின்ன கார்பெண்டர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை, அவர் வரி போடாதது தப்பில்லை. ஆனால் பதிவு செய்தவர் பில் வேண்டாம் என்றால், பணம் கொடுத்ததற்கான சாட்சியையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்கிறார். முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்லை. பலகை ரகம், தடிமன், கீல் எந்த பிராண்டு, முடிக்கும் தேதி, எப்போது எவ்வளவு பணம் என்று வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதி, அவர் "சரிங்க" என்று போட்டால்கூடப் பின்னால் உதவும்.

கேள்வி: மொட்டை மாடியில் ஒழுகல். பழைய தட்டோடுகளைப் பெயர்த்துவிட்டு வாட்டர்புரூஃபிங் செய்ய 95,000 பேசி, 60,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனவர் இரண்டு மாதமாக வரவில்லை, போன் எடுப்பதில்லை. போலீஸில் "இது சிவில் மேட்டர் சார்" என்கிறார்கள்.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வேலையைப் பாதியில் விட்டது மட்டும் மோசடி ஆகாது, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். இதே ஆள் வேறு இரண்டு வீட்டிலும் இப்படிச் செய்திருந்தால், அல்லது கொடுத்த முகவரி பொய் என்றால், அதைப் புகாரில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். போலீஸிலிருந்து ஒரு போன் போனாலே சில பேர் மறுநாள் சிமெண்டோடு வந்து நிற்பார்கள்.

உங்களுக்குச் சரியான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் மொத்தமாக காண்ட்ராக்ட் பேசியது நல்லதாகப் போயிற்று, நாள்கூலிக்கு ஆள் வைத்து நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது கஷ்டம்.

முட்டுக்கட்டை முகவரிதான். ஜிபேயில் பெயரும் நம்பரும் மட்டும் தெரியும், நோட்டீஸை எங்கே அனுப்புவது? அவர் வழக்கமாகச் சரக்கு வாங்கும் சிமெண்ட் கடையிலும் பெயிண்ட் கடையிலும் விசாரியுங்கள், அங்கே தெரிந்திருக்கும். 15 நாளில் வேலையை முடிக்க வேண்டும், இல்லையென்றால் செய்த வேலைக்குக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும் என்று எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

இதற்காக மாடியை இப்படியே திறந்து போட்டுக் காத்திருக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்கு முன் வேறு ஆளை வைத்து முடியுங்கள். தொடும் முன் மூலைக்கு மூலை போட்டோ, வீடியோ எடுத்து, மீதி வேலைக்குப் புது ஆளிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கிவையுங்கள். எவ்வளவு வேலை பாக்கி இருந்தது, அதற்கு எவ்வளவு ஆகும் என்பதற்கு ஆணையத்தில் அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: நான் கார்பெண்டர். வார்ட்ரோப் வேலைக்கு 40,000 அட்வான்ஸ் வாங்கிப் பலகையும் வெட்டிவிட்டேன். இப்போது வேண்டாம், முழுப் பணத்தையும் திருப்பிக் கொடு என்கிறார் வீட்டுக்காரர். "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று என் எஸ்டிமேட்டிலேயே அச்சடித்திருக்கிறது. தர வேண்டுமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: முழுவதும் தர வேண்டியதில்லை தம்பி, முழுவதையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. அச்சடித்த வரியை மட்டும் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் அதற்குள் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும் என்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. வெட்டிய பலகையின் பில், வெட்டிய ஆட்களின் கூலி, இந்த வேலைக்காக நீங்கள் விட்டுவிட்ட வேறு வேலை ஏதாவது இருந்தால் அது, இவற்றைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னும் வெட்டாத முழுப் பலகையைக் கடையில் திருப்பி எடுத்தால் அந்தப் பணம் அவருக்கு. வெட்டிய பலகைக்கு விலை பிடித்தீர்கள் என்றால் பலகையை அவர் வீட்டில் இறக்கிவிடுங்கள், விலையையும் பிடித்துப் பலகையையும் பட்டறையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வார்ட்ரோபுக்குப் போடுவது நடக்காது.