நண்டு கம்பெனில ஆள் நிக்காததுக்கு

தம்பி, மண்டபத்துல கூலிய ஏத்தியும் நண்டு உடைக்கிற பொம்பளையாளுக நிக்கலன்னு கேட்டிருக்கீங்க, ஆனா நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க, சதைல ஓடு கெடந்தா தட்டத் தூக்கி எல்லாருக்கும் காட்டித் திட்டுவேன்னு, வம்பே அங்கதான். அமெரிக்க உளவியல்காரர் ஹெர்ஸ்பெர்க் 1959லயே சொன்னதுதான், கூலி, மேற்பார்வை சரியில்லன்னா வெறுப்பு வரும், சரியா இருந்தா வெறுப்பு கொறையும் அவ்ளோதான், வேலை புடிக்கணும்னா பாராட்டும் பொறுப்பும் வேணும். நானும் தொண்டில எறா கம்பெனில கத்திக்கிட்டுத்தான் கெடந்தேன் (தொண்டை போனதுதான் மிச்சம்), அப்புறம் தராசையே ஒரு வயசான அக்காட்ட குடுத்து நீங்களே எடை பாத்து எழுதுங்கக்கான்னேன், தெனம் நடந்த எடைச் சண்டை நின்னுச்சு. ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிரும், விசைப்படகு 61 நாள் நிக்கும், அதுக்கு முன்னாடியே யாருக்கு எத்தன நாள் வேலைன்னு அவங்களோட உக்காந்து பேசிருங்க, அந்தத் தட்ட இனிமே தனியா கூப்பிட்டுக் காட்டுங்க.